நாலந்தா கடையில் என் மாமியார்

அன்று அவர் டிப்போவிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. காக்கிச் சட்டை முழுக்கப் புழுதியோடு வாசற்படியில் அப்படியே நின்றார். நான் அடுப்படியில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். வீடெல்லாம் புகை.

“நாலந்தா தேத்தண்ணிக் கடையில எங்கம்மாவ பார்த்தேன்,” என்றார்.

கருவாடு கருகிற்று. என் மாமியார், என் வீட்டுக்காரர் தவழுகிற வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டவர். நான் கரண்டியோடு வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் நின்று நின்று பஸ்காரர்களுக்குச் சில நாளில் தலைக்கேறிவிடும். நெற்றி குளிர்ந்துதான் இருந்தது.

“இன்னைக்குத்தான் மொதத் தடவையா உள்ள போனேன். கல்லாவுக்கு மேல மாட்டியிருக்காங்க. மாலை எல்லாம் போட்டிருக்கு,” என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

நாலு கை மாமியார்

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பெயர் ராமையா. அரசாங்க பஸ்ஸில் கண்டக்டர். மாத்தளையிலிருந்து நாலந்தா, தம்புள்ளை என்று வடக்கே போகிற பஸ்ஸில் அவருக்கு வேலை. டிக்கெட் எடுக்காமல் நழுவப் பார்க்கிறவர்களை வாங்கு வாங்கென்று வாங்குவார். வீட்டில் வாய் திறக்க மாட்டார். நாங்கள் மாத்தளையில் திருகோணமலை வீதிக்குப் பின்னாலிருந்த ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம்.

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்று, விளக்கேற்றச் சொல்லி ஒரு படத்துக்கு முன்னால் என்னை நிறுத்தினார். கறுப்புச் சட்டம் போட்ட மகாலட்சுமி. தாமரை மேல் நிற்கிறாள். பின்னால் இரண்டு யானை, ஒரு கையிலிருந்து பொற்காசு கொட்டுகிறது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “எங்கம்மா,” என்றார் அவர்.

லட்சுமியைத் தாயே என்று சொல்வது உலக வழக்கம்தானே. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இல்லை, அவர் நிஜமாகவே சொன்னார்.

என் மாமனாரும் மாமியாரும் பல்லேபொலைக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். மாமியார் காய்ச்சலில் செத்துப்போனார். போட்டோ கிடையாது. அந்தக் காலத்தில் லயத்து வரிசை வீட்டுச் சனம் எங்கே போட்டோ எடுத்தது? மாமனார் அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் இருக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்து ஒரு கொக்கோ ஸ்டோரில் மூட்டை தூக்கினார். வந்த கொஞ்ச நாளில் இந்தப் படத்தை எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டி, “இதுதான் ஒங்கம்மா,” என்று பிள்ளைக்குக் காட்டினார்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளைக்கு இது சாமிப் படம் என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் கேட்டிருக்கிறார். மாமனார் மறுபடியும் அதையேதான் சொன்னாராம். அந்த மனிதர் பேச்சில் மகா கஞ்சன். என் கல்யாணத்தின்போதுகூட, “சாப்பிட்டியாம்மா,” என்ற ஒன்றுதான் என்னிடம் கேட்டார். ஒரு வருஷத்தில் அவரும் போய்விட்டார்.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருகிற சொந்தக்காரர்கள், “ஒங்கம்மாவா, மகாலெச்சுமி மாதிரி இருப்பா,” என்று சொல்லிச் சொல்லியே என் வீட்டுக்காரரை வளர்த்திருக்கிறார்கள். அவர் இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். லட்சுமிப் படம் ஊரில் எத்தனையோ இருக்கிறது, இந்த முகம் வேறு எங்கும் இல்லை. அம்மாவின் சாடை இருந்ததால்தான் அப்பா இதைத் தேடி வாங்கியிருக்கிறார். ஆகவே இது அம்மா.

எனக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. சந்தில் மற்றப் பெண்கள் மாமியார் கொடுமையைச் சொல்லி மூக்கைச் சிந்தும்போது, “என் மாமியாருக்கு நாலு கை, ஆனா ஒரு கையாலயும் என்னை அடிச்சதில்ல,” என்பேன். வருஷத் திவசத்துக்கு அந்தப் படத்துக்கு முன்னால்தான் படையல். வெற்றிலை பாக்கும் வைப்பார். லட்சுமிக்கு வெற்றிலை சரிதான், கூடவே ஒரு துண்டு புகையிலையும் வைப்பார். அம்மா போடுவாராம்.

ஒன்று மட்டும். அந்தப் படத்தில் இடது கண் சரியில்லை. கருவிழி கொஞ்சம் வெளிப்பக்கமாக ஒதுங்கியிருக்கும். வருகிறவர்கள் கவனித்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்பார்கள். “அச்சடிச்சவன் தூக்கக் கலக்கத்துல அடிச்சிட்டான்,” என்று சொல்லிச் சமாளிப்பேன்.

சாமிகளுக்குச் சேலை கட்டினேன்

அச்சைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் பிழைப்பே அதுதான்.

மணிக்கூட்டுச் சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி காசிம் நானா என்பவரின் கண்ணாடி, படச் சட்டக் கடை இருந்தது. நானா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம் வழக்கில் அண்ணன். கடைக்குள் போனால் முருகனும் புத்தரும் மாதாவும் மக்கா பள்ளியும் ஒரே சுவரில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருப்பார்கள். நானா தன் வீட்டில் ஒரு படமும் மாட்டாதவர். ஆனால் எந்த மதத்துப் படத்தையும் தரையில் வைக்க மாட்டார், இரண்டு கையாலும்தான் தூக்குவார். தொழுகை நேரத்தில் கடையின் பின்பக்கம் பாய் விரிப்பதற்கு முன்னால், அந்தப் பக்கம் சாய்த்து வைத்திருக்கிற படங்களையெல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுவார். “அவங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும் தங்கச்சி,” என்பார்.

அவர் சட்டம் போடுவதற்கு முன்னால் சில படங்கள் என் வீட்டுக்கு வரும். நான் சேலைக்குச் சேலைத்துணி ஒட்டி, கரைக்குச் சரிகை வைத்து, நகைக்கெல்லாம் சம்கி தைத்துக் கொடுப்பேன். காகிதத்தில் ஊசி போடுவது சாமானியமில்லை. கை நடுங்கினால் சரஸ்வதிக்குக் கன்னத்தில் ஓட்டை விழும்.

பழைய சாமிப் படமெல்லாம் ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் வந்தது என்று நானாதான் எனக்குச் சொன்னார். அவருடைய வாப்பா காலத்தில் கட்டுக் கட்டாக வருமாம். நான் நம்பவில்லை. சேலையையே பார்த்திராத வெள்ளைக்காரன் எப்படி இவ்வளவு அழகாகக் கொசுவம் வரைவான்? நானா ஒரு பழைய முருகனைச் சட்டத்திலிருந்து கழற்றி, கீழ் ஓரத்தில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைக் காட்டினார். பிறகு சண்டை வந்து ஜெர்மனிச் சாமி நின்றுபோய், பம்பாய்ச் சாமி வந்து, அப்புறம் சிவகாசிச் சாமி வந்தது. நான் தையல் எடுக்கிற காலத்தில் அதுவும் தட்டுப்பாடு. வெளிநாட்டுச் சாமான் எதுவுமே கிடைக்காத நேரம் அது. ஒரு சீப்பு வாங்கவே நாயாய் அலைய வேண்டும்.

எங்கள் வீட்டுப் படம் ஜெர்மனிக்காரி என்று அப்போதே எனக்குத் தெரியும். அந்த மினுமினுப்பு பின்னால் வந்த படங்களில் இல்லை. இவரிடம் சொல்லவில்லை. மாமியாரை எதற்கு ஜெர்மனிக்கு அனுப்புவது?

இரண்டு லட்சுமிகள்

அவருக்கு லீவு கிடைத்த நாளில் இரண்டு பேரும் நாலந்தாவுக்குப் போனோம். எங்கள் படத்தை என் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம் என்பது என்னுடைய யோசனைதான். அவர் அரைமனதோடு வந்தார்.

கடைக்காரர் அப்புஹாமி நல்ல மனிதர். சிங்களத்தில்தான் பேச்சு. படத்தைக் கழற்ற மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். மாமாவிடமிருந்து கடையோடு வந்த படமாம். சுண்ணாம்பு அடிக்கும்போதுகூடக் கழற்றாமல் அதைச் சுற்றித்தான் அடிப்பார்களாம். சரியென்று பெஞ்சை இழுத்துப்போட்டு, அதன் மேல் ஒரு சீனிப் பெட்டியை வைத்து, அதன் மேல் எங்கள் படத்தை நிறுத்தினோம்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கிளாசோடு எழுந்து வந்துவிட்டார்கள். அதே தாமரை. அதே யானைகள். கொட்டுகிற காசுகூட அதே இடத்தில். பார்த்துக்கொண்டே வந்த அப்புஹாமியின் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். எங்களுடையது நேராகப் பார்க்கிறது, உங்களுடையதில் ஒரு கண் கெட்டுப்போயிருக்கிறதே, அச்சில் பிழைபோல என்றாள்.

ஆமாம் ஆமாம் என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான். அந்த லட்சுமி இரண்டு கண்ணாலும் கல்லாவுக்கு முன்னால் நிற்கிற ஆளை நேராகப் பார்த்தாள். ஒருத்தர், பிழைப் படம் என்றால் மலிவாகக் கொடுத்திருப்பான் என்றும் சொல்லிவைத்தார்.

அப்புஹாமி எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றி, கையில் ஆளுக்கொரு துண்டு கருப்பட்டியும் வைத்தார். சல்லி வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் குடிக்கவில்லை. கருப்பட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்து, பஸ் வந்ததும் பெஞ்சில் வைத்துவிட்டு ஏறினார்.

அமாவாசைக்கு முன்னால்

வீட்டுக்கு வந்து படத்தை மாட்டவில்லை. அலுமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

இரண்டு நாள் கழித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “கடக்காரன் கழிச்சுப்போட்ட படத்த அப்பா வாங்கிட்டு வந்திருக்காரு. நான் அழுதிருப்பேன். வாய மூட எதையோ சொல்லியிருக்காரு.” கொஞ்ச நேரம் கழித்து, “எனக்குன்னு ஒரு மொகம் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல,” என்றார்.

வருகிற அமாவாசைக்குப் படத்தைச் சுது கங்கையில் விட்டுவிடப் போவதாகவும் சொன்னார். பழுதான சாமிப் படத்தை ஆற்றில் விடுவது எங்களில் வழக்கம்தான். வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அப்புஹாமியின் மனைவி மீது கோபம். அந்த யோசனையைச் சொன்ன என் வாய் மீது கோபம். பிள்ளையிடம் நாலு வார்த்தை பேசாமல் செத்துப்போன மாமனார் மீது எல்லாவற்றையும்விடக் கோபம். தாயில்லாத மனிதர் அவர். நான் எத்தனை அன்பு வைத்தாலும் அந்த ஓர் இடம் காலியாகத்தான் கிடந்தது. அதில் ஒரு படமாவது இருந்தது. அதையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்களே என்று தனியே இருந்து அழுதேன்.

அழுதுவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன். வேலை காத்திராதே. அன்று கையில் இருந்தது ஒரு மட்டமான சிவகாசிப் பிள்ளையார். சிவப்பு அச்சு கொஞ்சம் நகர்ந்து விழுந்திருந்தது. உதடு, பொட்டு, வேட்டிக் கரை எல்லாமே ஒரே பக்கமாக நகர்ந்து கிடந்தது.

ஊசியைக் கீழே வைத்தேன். அச்சு நகர்ந்தால் அந்த நிறம் முழுவதுமல்லவா நகர வேண்டும்? எங்கள் லட்சுமிக்கு ஒரே ஒரு கருவிழி மட்டும் எப்படி நகரும்? பக்கத்திலேயே இருக்கிற இமையும் புருவமும் அசையாமல் இருக்கிறதே?

மூலப் பலகையிலேயே பிழை இருந்தால், அதில் அடித்த எல்லாப் படத்திலும் இருக்க வேண்டும். அதையும் பார்த்துவிடுவோம் என்று புறப்பட்டேன். நானாவிடம் கேட்டு, சட்டம் மாற்ற வருகிறவர்களிடம் விசாரித்து, அதே ஜெர்மனிக்காரியை இன்னும் இரண்டு இடத்தில் கண்டுபிடித்தேன். ஒன்று எங்கள் வீதியிலேயே ஒரு சலூனில். ஆம்பிளைகள் முகம் முழுக்கச் சவர்க்கார நுரையோடு உட்கார்ந்திருக்க, நான் உள்ளே போய் நாற்காலி மேல் ஏறி நின்று சாமியின் கண்ணைப் பார்த்தேன். ஊர் என்னைப் பற்றி என்ன பேசியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இன்னொன்று ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில். இரண்டிலும் கண் நேராக இருந்தது.

ஈரத்துணி

அமாவாசை நெருங்கிவிட்டது. அவர் வேலைக்குப் போன பிறகு படத்தைத் தூக்கிக்கொண்டு காசிம் நானாவின் கடைக்குப் போனேன்.

நானா குறட்டால் ஆணியைப் பிடுங்கி, பின் அட்டையைக் கழற்றி, கண்ணாடியைத் தனியே எடுத்தார். ஓரத்தில் அந்த எறும்பு எழுத்து இருந்தது. நான் நினைத்தது சரி, ஜெர்மனிதான். கண்ணாடி விளிம்பு வழியாகப் புகையேறி முகமெல்லாம் மங்கியிருந்தது. நான் வழக்கமாகச் செய்வதுபோல ஈரத்துணியைப் பிழிந்து மெல்லத் துடைத்தேன். அந்தப் பழைய படங்களுக்கு மேலே ஒரு பூச்சு இருக்கும், ஈரம் ஒன்றும் செய்யாது. நெற்றியைத் துடைத்தேன். கன்னத்தைத் துடைத்தேன். கண்ணருகே போனபோது துணியில் கறுப்பு வந்தது.

புகைக் கறுப்பில்லை. மை மாதிரியான கறுப்பு.

“கைய எடுங்க தங்கச்சி,” என்றார் நானா.

எடுத்தேன். நானா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். முகமெல்லாம் பளபளத்தது. இடது கண் மட்டும் பளபளக்கவில்லை. அச்சில் இருந்த கருவிழியின் மேல் யாரோ வெள்ளை பூசி, அதற்குப் பக்கத்தில் சன்னமான தூரிகையால் வேறொரு கருவிழி எழுதியிருக்கிறார்கள். நான் துடைத்ததில் அதன் ஓரம் துளி கலங்கியிருந்தது. இன்னொரு தரம் இழுத்திருந்தால் போயிருக்கும்.

நான் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நானா தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார். அவருடைய வாப்பா காலத்தில் கடைப் பலகை எழுதுகிற ஓர் ஆள் கடையோடு இருந்தானாம். தோட்டத்துச் சனம் சில பேர், செத்தவர்களுக்குப் போட்டோ இல்லாமல், சாடை ஒத்துப்போகிற ஒரு சாமிப் படத்தைத் தேடி எடுத்துவந்து, மச்சம் வைக்கச் சொல்லுவார்களாம், மூக்குத்தியை மாற்றச் சொல்லுவார்களாம். அந்த ஆள் எழுதிக் கொடுப்பானாம். வாப்பாவுக்கு அது பிடிக்காது. ஆனால் தடுக்கவும் இல்லை.

“அழுதுகிட்டு வாற ஆள எப்படித் திருப்பி அனுப்புறதுன்னு வாப்பா கேப்பாங்க,” என்றார். பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே, “இது யாரு எழுதச் சொன்னது, அல்லாஹ் அறிவான். ஆனா சாமிக்கு மாறுகண்ணு எழுதச் சொல்லி ஒரு மனுசன் வெளையாட்டுக்குக் கேக்க மாட்டான் தங்கச்சி,” என்றார்.

கண்ணாடியை மாட்டி, பழைய ஆணித் துளையிலேயே பார்த்துப் பார்த்து ஆணி அடித்துத் தந்தார்.

அன்று பின்னேரம் என் வீட்டுக்காரரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். “அப்ப அம்மாவுக்கு…” என்று தொடங்கி, முடிக்கவில்லை. முடிக்கப் பயம். ஒருமுறை பறிகொடுத்தவர் அல்லவா.

செல்லாயி பெரியம்மா

மாமியாரோடு ஒன்றாகப் பால் வெட்டிய ஒருத்திதான் அப்போது மிச்சம். செல்லாயி பெரியம்மா. அந்த ரப்பர்த் தோட்டத்திலேயே இருந்தார். அவருக்கும் மகனுக்கும் இந்தியா போக உத்தரவு வந்துவிட்டது. அந்த வருஷங்களில் லயங்களில் பாதிப் பேர் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னும் சில நாளில் தலைமன்னாருக்கு ரயில் ஏறப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அடுத்த லீவுக்குக் காத்திராமல் என் வீட்டுக்காரர் சம்பளமில்லாத லீவு போட்டார்.

பல்லேபொலையில் இறங்கி, படத்தையும் தூக்கிக்கொண்டு மேலே நடந்தோம். லயத்து வாசலெங்கும் சாக்கும் கயிறும் தகரப் பெட்டியும். எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது என்று வீட்டுக்கு வீடு தர்க்கம். பெரியம்மா ஓர் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று மகன் சொல்லிவிட்டானாம்.

எங்களைக் கண்டதும் இவர் தலையைத் தடவி, “அங்கம்மா மவன்,” என்று பக்கத்து வீட்டாருக்கெல்லாம் காட்டினார். உடனேயே, “ஒங்கம்மா மகாலெச்சுமி மாதிரி இருப்பா,” என்றும் சொல்லிவிட்டார்.

இவர் முகம் விழுந்துபோயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. “பெரியம்மா, அந்தக் கதைய விடுங்க. அவங்க கண்ணு எப்புடி இருக்கும்?” என்று கேட்டேன்.

பெரியம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினார். “ஏன் கேக்குற? யாரு என்ன சொன்னா?” என்றார். குரலில் கடுப்பு. செத்தவளைப் பற்றி யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்து, யார் எவர் என்று பாராமல் சண்டைக்குத் தயாராகிவிட்டார்.

என் வீட்டுக்காரர் சேலைச் சுற்றைப் பிரித்துப் படத்தை ஒரு தகரப் பெட்டி மேல் நிறுத்தினார். பெரியம்மா அதை முன்பு பார்த்தவரில்லை. முதலில் சாமிக்குக் கும்பிடப் போனார். தூக்கிய கை பாதியில் நின்றது.

“அங்கம்மா,” என்றார். எங்களிடம் இல்லை, படத்திடம்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எல்லாம் வந்தது. இடது கண் இப்படித்தான் ஒதுங்குமாம். விடிகாலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் பெரட்டுக் களத்துக்குப் போகும்போது, அவள் முகத்தில் முழித்தால் விளங்காது என்று சிலர் சுற்றிப்போவார்களாம். அதனால் கல்யாணமே தள்ளிப்போயிற்றாம்.

“ஒங்கப்பன் ஒருத்தன்தான் அந்தக் கண்ணுக்காகவே கட்டுனான். அம்புட்டுப் பொம்பளைகளும் ஒரே மாதிரி இடுப்புல சாக்கும் தலையில முக்காடுமா நிப்போம். அந்தக் கண்ண வச்சுத்தான் எங்க ஆள நான் கண்டுபிடிக்கிறேன்னு சொல்லுவான்.”

அதிகம் பேசாத என் மாமனாரைப் பற்றித்தான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மூட்டை தூக்குகிற சாக்கோடு கடையில் போய் நின்று, சாமிக்குக் கண்ணை மாற்றி எழுது என்று எப்படித்தான் கேட்டாரோ. அவர் ஒருநாளும் “மாதிரி” என்று சொல்லவில்லை. இதுதான் ஒங்கம்மா என்றுதான் சொன்னார். எனக்கு அவர் மீதிருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

“நீங்க யாரும் எனக்கு இத சொல்லலையே பெரியம்மா,” என்றார் என் வீட்டுக்காரர்.

“தாயில்லாப் புள்ளகிட்ட தாயோட குறையவா சொல்லுவாங்க? நல்லதத்தான சொல்லணும்.”

இவர் பெரியம்மாவின் முன்னால் மண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“நல்லது வேணாம் பெரியம்மா. அத நெறையக் கேட்டுட்டேன். மத்தத சொல்லுங்க.”

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். முதலில் கூச்சப்பட்டுத்தான் தொடங்கினார். முன்பல் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறியிருக்குமாம். குழம்பில் உப்புப் போட்டால் வாயில் வைக்க முடியாதாம். தாலாட்டுப் பாடினால் பிள்ளை மட்டுமல்ல, பக்கத்து லயமே எழுந்துவிடுமாம். தூங்கினால் இடி விழுந்தாலும் எழும்ப மாட்டாராம். போகப் போகப் பெரியம்மாவுக்கே உற்சாகம் வந்துவிட்டது. பீலியில் தண்ணீர் பிடிக்கிற வரிசையில் கங்காணி பெண்சாதி இடையில் புகுந்தபோது, அங்கம்மா நிறைகுடத்தை அப்படியே அவள் தலையில் கவிழ்த்துவிட்டாராம். கேட்டதற்கு, கண் சரியாகத் தெரியவில்லை, குடத்தை வைக்கிற இடம் என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னாராம்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. சிரிக்கும்போதே கண்ணீர் கொட்டியது, துடைக்கவும் இல்லை. “அப்புறம்?” என்றார். ஒவ்வொன்று முடிந்ததும் “அப்புறம்?” என்றார். கட்டிய மூட்டைகளை மறந்து பக்கத்து வீட்டாரும் வந்து கூடிவிட்டார்கள்.

பிரியும்போது பெரியம்மா இவரைக் கட்டிக்கொண்டு அழுதார். இனிமேல் பார்க்க மாட்டோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த அம்மியை நாங்கள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதைத் தூக்கிக்கொண்டு எப்படி நடப்பது என்று நான் மறுத்துவிட்டேன். எடுத்திருக்கலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல சனம். ஒரு மூலையில் இடம் கிடைத்தது. இவர் படத்தை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார், சேலை சுற்றவில்லை. பக்கத்துச் சீட்டில் தேங்காய்க் கூடையோடு இருந்த ஓர் அம்மாள் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “லெச்சுமியா தம்பி?” என்று கேட்டாள்.

பஸ்ஸில் டிக்கெட்டைத் தவிர வேறெதுவும் பேசியறியாத மனிதர் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

“இல்லக்கா. எங்கம்மா. பேரு அங்கம்மா. ஒரு கண்ணு ஒதுங்கியிருக்கும். சரியான சண்டக்காரி,” என்றார்.